குழாயில் வராத அடி

டிஸ்கோ இசையை அடையாளம் காட்டுவது அதன் பேஸ் டிரம். நான்கு எண்ணிக்கை கொண்ட ஓர் ஆவர்த்தத்தில் எண்ணிக்கைக்கு ஓர் அடி. எங்கும் விடுபடாது, எங்கும் கூடாது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 அடிகள் என்பது வேகமாக நடக்கும் ஒருவரின் கால்வைப்பு. அந்த அடிகளுக்கு நடுவே, அரை எண்ணிக்கையில், ஹை-ஹாட் தட்டு திறந்து மூடி ‘ட்ஸ்’ என்று சீறும். மேலே வயலின் கூட்டமும் டிரம்பெட்டுகளும், நடுவில் குரல், அடியில் பாட்டைச் சுமந்துகொண்டு ஓடும் பேஸ் கிதார். 1973-இல் பிலடெல்பியா நகரின் சிக்மா சவுண்ட் ஒலிப்பதிவுக்கூடத்தில் ‘த லவ் ஐ லாஸ்ட்’ என்ற பாட்டுக்கு ஏர்ல் யங் வாசித்த டிரம்தான் இந்த அமைப்புக்குத் தொடக்கம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. கென்னி கேம்பிள், லியோன் ஹஃப் இருவரும் அந்த நகரத்து இசையின் தயாரிப்பாளர்கள். அவர்கள் அமைத்த இசையை முதலில் கட்டித் தழுவிக்கொண்டவர்கள் நியூயார்க்கின் கறுப்பின, லத்தீன் அமெரிக்க, தன்பாலின இளைஞர்கள். 1970-இல் டேவிட் மன்குசோ தன் வீட்டையே ஆடுகளமாக்கிய ‘த லாஃப்ட்’ போன்ற இடங்களில், வெளியே தங்களை ஏற்காத நகரத்துக்குள் அவர்கள் விடியும்வரை ஆடினார்கள்.

இந்த இசையில் பாடகரைவிடப் பெரிய பங்கு தயாரிப்பாளருக்கு. தமிழில் தயாரிப்பாளர் என்றால் படத்துக்குப் பணம் போடுகிறவர். டிஸ்கோவில் அவர் ஒலிப்பதிவுக்கூடத்தில் அமர்ந்து எந்த வாத்தியம் எப்போது நுழையும், எப்போது விலகும், பாட்டு எத்தனை நிமிடம் நீளும் என்று முடிவெடுக்கிறவர். டாம் மோல்டன் அப்படிப்பட்ட ஒருவர். ஆடுகிறவர்கள் சூடுபிடிக்கும் நேரத்தில் மூன்று நிமிடப் பாட்டு முடிந்துவிடுகிறது என்பது அவருடைய மனக்குறை. ஒலிநாடாவை வெட்டி ஒட்டி, இடையில் குரலையும் வயலினையும் எடுத்துவிட்டுத் தாளத்தை மட்டும் ஓடவிட்டுப் பாட்டை நீட்டினார். ஒருமுறை ஏழு அங்குல வெற்றுத்தட்டு தீர்ந்துபோக, பெரிய தட்டில் வெட்டிப் பார்த்தபோது பள்ளங்கள் அகலமாகி, அடிச்சத்தம் மேலும் கனத்தது. பன்னிரண்டு அங்குலத் தட்டு அப்படிப் பிறந்தது. 1976-இல் சால்சோல் நிறுவனம் ‘டென் பர்சென்ட்’ பாட்டை அந்த அளவில் கடைகளுக்கு அனுப்பியபோது, வால்டர் கிப்பன்ஸ் அதை ஒன்பது நிமிடத்துக்கும் மேலாக நீட்டியிருந்தார். தட்டின் நடுவட்டக் காகிதத்தில் பாடகர் பெயரோடு கலவை செய்தவர் பெயரும் அச்சாகத் தொடங்கிய காலம் அது. இசையைப் பதிவு செய்யும் வேலையும் இசையமைப்புதான் என்று தட்டே சாட்சி சொன்னது.

ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஜார்ஜியோ மொரோடர் இன்னொரு கதவைத் திறந்தார். பீட் பெல்லோட்டுடன் சேர்ந்து டோனா சம்மருக்காக 1977-இல் அவர் செய்த ‘ஐ ஃபீல் லவ்’ பாட்டில் வயலின் கூட்டம் இல்லை, பேஸ் கிதார் இல்லை. குரலையும், கீத் ஃபோர்சி காலால் அடித்த பேஸ் டிரம்மையும் தவிர மற்றவை மூக் சின்தசைசரிலிருந்து வந்தவை. பேஸ் வரியின் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கண எதிரொலி சேர்த்து, அசல் ஒரு பக்கமும் எதிரொலி மறுபக்கமும் ஒலிக்கும்படி பிரித்தபோது, மனிதக் கையால் வாசிக்க முடியாத ஓட்டம் கிடைத்தது. இன்றைக்கு எந்த ஊரில் எந்த ஆட்டப் பாட்டைக் கேட்டாலும் அதன் அடியில் அந்த ஓட்டத்தின் சாயல் இருக்கும். இருபதாம் நூற்றாண்டு வெகுசன இசையின் பெரிய திருப்பங்களில் ஒன்று அந்தப் பாட்டு. அதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

1979 ஜூலை 12-ஆம் தேதி சிகாகோவின் காமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகள் குவிக்கப்பட்டு வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்ததால் அன்றைய இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை. அந்த வெறுப்பு இசையின் மேல் மட்டும் இருந்ததல்ல. அதை வளர்த்த மக்களின் மேலும் இருந்தது. ஆனால் அதே சிகாகோவில், வேர்ஹவுஸ் என்ற விடுதியில் ஃபிராங்கி நக்கிள்ஸ் டிஸ்கோ தட்டுகளை விடாமல் சுழற்றிக்கொண்டிருந்தார். பெரிய நிறுவனங்கள் கைவிட்ட பிறகு தாள எந்திரங்களைக் கொண்டு அங்கே இளைஞர்கள் செய்துகொண்ட இசைதான் ஹவுஸ்.

அமெரிக்கா டிஸ்கோவைப் புதைத்துக்கொண்டிருந்த நேரத்தில் இந்தியா அதற்குப் பந்தல் போட்டது. பெங்களூரில் பிறந்து லண்டன் சென்ற பிட்டு, 1974-இல் கார்ல் டக்ளஸுக்காக ‘குங் ஃபூ ஃபைட்டிங்’ பாட்டைத் தயாரித்து உலகப் புகழ் பெற்றிருந்தார். 1980-இல் ‘குர்பானி’ படத்துக்காக நாஜியா ஹசன் என்ற பதின்வயதுப் பெண்ணைப் பாடவைத்தார். அடுத்த ஆண்டு அவர் பாடிய ‘டிஸ்கோ தீவானே’ தொகுப்பு வந்தது. 1982-இல் மிதுன் சக்கரவர்த்தி நடித்து பப்பி லஹிரி இசையமைத்த ‘டிஸ்கோ டான்சர்’ சோவியத் நாடுவரை போனது. தமிழில் அது ஆனந்த் பாபு நடிக்க ‘பாடும் வானம்பாடி’ ஆயிற்று. அதே காலத்தில் பம்பாயின் ஒலிப்பதிவுக்கூட வாத்தியக்காரர் சரண்ஜித் சிங், மூன்று ரோலண்ட் கருவிகளை வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ அடியில் ஓடவிட்டு ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். யாரும் கவனிக்கவில்லை. 2010-இல் மறுபதிப்பு வந்தபோது, சிகாகோவில் பின்னால் உருவான ஆசிட் ஹவுஸ் ஒலியை ஓர் இந்தியர் முன்பே தொட்டிருக்கிறார் என்று ஐரோப்பியர்கள் வியந்தார்கள்.

தமிழ்த் திரையில் இந்தக் காற்று வீசத் தொடங்கியது எழுபதுகளின் கடைசியில். 1979-இல் வந்த கே. பாலசந்தரின் ‘நினைத்தாலே இனிக்கும்’ சிங்கப்பூர் செல்லும் ஓர் இசைக்குழுவின் கதை. அதற்கு இசையமைத்த எம்.எஸ். விஸ்வநாதன் முந்தைய தலைமுறைக்காரர் என்று எண்ணியவர்களை அந்தப் பாடல்களே திருத்தின. அதற்கு முந்தைய ஆண்டு ‘ப்ரியா’ படத்தின் மூலம் ஸ்டீரியோ ஒலிப்பதிவைத் தமிழ்த் திரைப்பாட்டுக்குக் கொண்டுவந்திருந்தார் இளையராஜா. 1982-இல் ‘சகலகலா வல்லவன்’ படத்தின் ‘இளமை இதோ இதோ’, 1983-இல் ‘தங்கமகன்’ படத்தின் ‘வா வா பக்கம் வா’ என்று டிஸ்கோவின் சட்டகம் அவர் கையில் வேறொன்றாக மாறியது.

எப்படி மாறியது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். டாம் மோல்டனின் கருவி கத்தரியும் ஒலிநாடாவும். இளையராஜாவின் கருவி தாளும் பேனாவும். வயலின்களுக்கும் பேஸ் கிதாருக்கும் புல்லாங்குழலுக்கும் என்ன சுரம் என்று முழுவதையும் எழுதிக் கொடுத்துவிட்டு, எல்லாரையும் ஒருசேர உட்காரவைத்துப் பதிவு செய்த காலம் அது. டிரம்ஸில் புருஷோத்தமன், பேஸ் கிதாரில் சசிதரன், விசைப்பலகையில் விஜி மேனுவல், கிதாரில் சதானந்தம். எந்திரம் தாளம் காட்டாத கூடத்தில் புருஷோத்தமனின் கால்தான் கடிகாரம். மியூனிக்கில் எந்திரத்தை மனிதனைப்போல ஆடவைத்தார்கள் என்றால், சென்னை வடபழனியில் மனிதர்கள் எந்திரத்தின் ஒழுங்கோடு வாசித்தார்கள்.

பாட்டை நீட்டும் உரிமை இங்கே இசையமைப்பாளருக்கு இல்லை. நான்கைந்து நிமிடத்தில் பல்லவியும் இரண்டு சரணமும் முடிந்தாக வேண்டும். கதாநாயகன் வாயசைக்க வேண்டும். அதனால் டிஸ்கோ ஒன்பது நிமிடத்தில் பரப்பிய அனைத்தும் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவிலிருந்த முப்பது, நாற்பது விநாடி இடையிசைக்குள் குடியேறியது. ரசிகர்கள் முதல் பிஜிஎம், இரண்டாம் பிஜிஎம் என்று இன்றும் தனித்தனியாக முணுமுணுப்பது அந்தத் துண்டுகளைத்தான். தாளம் மட்டும் தனியே ஓடும் இடம், பேஸ் கிதார் முன்னுக்கு வரும் இடம், சின்தசைசர் ஒரு கோடு இழுத்துவிட்டு மறையும் இடம் என்று நியூயார்க் ஆடுகளத்தின் ஒவ்வொரு கட்டமும் அதற்குள் இருக்கிறது. இடப்பற்றாக்குறையிலிருந்து பிறந்த கலை இது. நீளத்தால் கிறங்கவைத்த இசையை அடர்த்தியால் கிறங்கவைக்கும் இசையாக்கியதுதான் தமிழ்த் திரைப்பாட்டு டிஸ்கோவுக்குச் செய்த பங்களிப்பு.

இனி இந்தப் பாடல்கள் எங்கே, எதன் வழியாகக் கேட்கப்பட்டன என்ற கேள்வி. அதற்கு ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். வாலிகண்டபுரம், சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் பெரம்பலூருக்கு வடக்கே இருக்கும் ஊர். வாலீசுவரர் கோயிலும் அதன் சோழர் காலக் கல்வெட்டுகளும் வரலாற்று மாணவர்களுக்குத் தெரிந்தவை. பெரம்பலூர் தனி மாவட்டமாவதற்கு முன், 1995 வரை, அது திருச்சி மாவட்டத்தில் இருந்தது. எண்பதுகளில் இந்த வட்டாரத்தில் எவருக்கும் ஆடுகளம் என்ற ஒன்று இல்லை. சுழலும் கண்ணாடிப் பந்து திரையில் மட்டும் கண்டது. பாட்டு வந்து சேர்ந்த வழிகள் சில: திருச்சி வானொலியும் இலங்கை வானொலியும், டூரிங் டாக்கீஸ், வெளியூர்ப் பேருந்தின் டேப், எல்லாவற்றுக்கும் மேலாக மைக்செட். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, ஆடி மாதத்து அம்மன் கோயில் கூழ் ஊற்றல் என்று எதுவானாலும் விடியற்காலையில் வேப்பமரத்திலோ தென்னையிலோ ஒலிபெருக்கிக் குழாய் கட்டப்பட்டுவிடும். முதலில் பக்திப் பாட்டு, பிறகு புதுப்படப் பாட்டு. காற்று வாகாக இருந்தால் சோளக்காட்டையும் பருத்திக் கொல்லையையும் தாண்டி அடுத்த ஊர்வரை கேட்கும்.

அந்தக் கூம்புக் குழாயின் இயல்பு தனி. உள்ளே மடங்கி மடங்கி வெளியே விரியும் அதன் வடிவம், குறைந்த மின்சக்தியில் குரலை வெகுதூரம் எறிவதற்காக அமைந்தது. ஒரு கூம்பின் வாயும் நீளமும் எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் தாழ்ந்த ஒலியை அது வெளியே விடும்; மைக்செட்டுக் குழாய்களில் ஏறத்தாழ 200, 300 ஹெர்ட்சுக்குக் கீழே உள்ளவை அநேகமாகக் கரைந்துபோகும். பேஸ் டிரம்மின் உடல் இருப்பது 50 முதல் 100 ஹெர்ட்சுக்குள். பேஸ் கிதாரின் மிகத் தாழ்ந்த கம்பி 41 ஹெர்ட்ஸ். அதாவது டிஸ்கோவை டிஸ்கோவாக்கும் அந்த அடி, வாலிகண்டபுரத்துக் குழாயில் வந்திருக்க வழியே இல்லை. வந்ததெல்லாம் மேல்பாதி: ஹை-ஹாட்டின் சீறல், கைதட்டல், வயலின் கூட்டம், சின்தசைசரின் கீச்சு, எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரல்.

நியூயார்க்கில் காலால் கேட்கப்பட்ட இசை இங்கே காதால் கேட்கப்பட்டது என்பதே இதன் பொருள். விளைவு சாதாரணமானதல்ல. பேஸ் கிதார் முழுக்க மறைந்துவிடவில்லை. அதன் மேல் அதிர்வுகள் குழாயில் நுழையும், அவற்றை வைத்து மனிதச் செவி கீழே இருக்க வேண்டிய சுரத்தைத் தானே ஊகித்துக்கொள்ளும். ஆகவே பேஸ் கிதார் நெஞ்சில் மோதும் அதிர்வாக வராமல் ஒரு மெட்டாக வந்தது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இசை படிக்காதவர்களும் இளையராஜாவின் பேஸ் வரிகளை வாயால் பாடிக்காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கொள்ளலாம். அந்த வரிகளே நிலையாக ஒரே சுரத்தில் நில்லாமல் மேலும் கீழும் ஏறி இறங்கிப் பாட்டோடு பேசுகிற வரிகள். குழாய்க்கும் வால்வு ரேடியோவுக்கும் பாட்டெழுதிப் பழகிய ஒரு தொழில், அடியின் கனத்தை நம்பாமல் கோட்டின் அழகை நம்பியது இயல்பே.

கேசட் இதைச் சற்று மாற்றியது. பெரம்பலூர், அரியலூர் போன்ற ஊர்களில் பேருந்து நிலையத்தை ஒட்டி ரெக்கார்டிங் கடைகள் முளைத்தன. அறுபது நிமிடக் கேசட்டா, தொண்ணூறா என்று சொல்லி, தாளில் பாட்டு வரிசை எழுதிக் கொடுத்தால் சில நாளில் பதிந்து தருவார்கள். எந்தப் பாட்டுக்குப் பின் எது என்று வாடிக்கையாளர் யோசித்ததும், கடைக்காரர் தன் ரசனையால் ஒன்றிரண்டை மாற்றிவைத்ததும், நியூயார்க் விடுதிகளில் தட்டு சுழற்றியவர்கள் செய்த வேலைக்கு வெகு தொலைவில் இல்லை. அந்தக் கடைகளில் ஆள் உயரப் பெட்டி ஸ்பீக்கர்கள் இருந்தன. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் புருஷோத்தமனின் காலடி முதன்முதலாகக் கேட்டிருக்கும்.

தாளத்தின் கணக்கிலும் ஒரு சிக்கல் இருந்தது. டிஸ்கோ சதுச்ரம், ஒவ்வோர் அடியும் இரண்டாக, நான்காகப் பிரியும், தகதிமி. இந்த மண்ணின் தப்பும் பம்பையும் உறுமியும் பெரும்பாலும் திஸ்ரத்தில் புரளுபவை, தகிட தகிட. சாவுக்கும் திருவிழாவுக்கும் ஆடிப் பழகிய உடம்பு, மூன்றாகப் பிரியும் அடிக்குத்தான் தோளை அசைக்கும். நேர்கோடாக நடக்கும் நான்கு அடி அந்த உடம்புக்கு அணிவகுப்பாகத் தோன்றும். தீர்வு மிக எளிமையானது: பேஸ் டிரம் நான்கு அடியை அப்படியே வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அடியையும் தகிட என்று மூன்றாகப் பிரித்தால் பன்னிரண்டு. கீழே ஏர்ல் யங்கின் கால், மேலே தப்பு அடிப்பவரின் குச்சி. இரண்டும் ஒன்றையொன்று தடுக்காது. இன்று குத்துப்பாட்டு என்று அழைக்கப்படுபவற்றில் பலவற்றைத் திறந்து பார்த்தால் இந்தப் பன்னிரண்டுதான் இருக்கும். டிஸ்கோ தமிழ்நாட்டில் தன் பெயரை இழந்து நிலைத்துவிட்ட இடம் இது. பளபளப்பு உடையும் கண்ணாடிப் பந்தும் சில ஆண்டுகளில் பழசாயின. அந்தக் கால்வைப்பு மட்டும் மேளத்துக்கு அடியில் புகுந்து ஊர்ச்சொத்தாகிவிட்டது.

எந்திரம் வந்தது 1986-இல். ‘புன்னகை மன்னன்’, வரிசைப்படுத்திய சுரங்களைத் தானாக வாசிக்கும் சீக்வென்சர் கொண்டு பாடல்கள் பதிவான முதல் தமிழ்ப் படமாகக் குறிப்பிடப்படுகிறது. அப்போது இளையராஜா குழுவில் விசைப்பலகை வாசித்த திலீப், 1992-இல் ‘ரோஜா’ மூலம் ஏ.ஆர். ரஹ்மானாக வெளிப்பட்டார். வீட்டை ஒட்டித் தானே அமைத்துக்கொண்ட ஒலிப்பதிவுக்கூடத்தில், ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியே பதிந்து, அடுக்கி, கலைத்து, மீண்டும் அடுக்கும் அவருடைய முறை மொரோடரின் முறைக்கு நேர் வாரிசு. ‘ஜென்டில்மேன்’ படத்தின் ‘சிக்குபுக்கு ரயிலே’, ‘காதலன்’ படத்தின் ‘முக்காலா’ போன்றவற்றில் கீழ் ஒலிகளுக்குக் கிடைத்த இடம் தமிழுக்குப் புதிது. குழாயை மனத்தில் வைத்து அமைத்த பாடல்கள் அல்ல அவை.

ஊருக்குள் அந்தக் கீழ்ப்பாதியை இறக்கியதில் சட்டத்துக்கும் பங்குண்டு. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் நடப்புக்கு வந்தன. அதன்பின் திருவிழா அனுமதிக்காகக் காவல் நிலையம் போனவர்கள் கேட்டுப் பழகிய நிபந்தனை ஒன்று உண்டு: கூம்பு வடிவ ஒலிபெருக்கி கூடாது, பெட்டி வடிவத்துக்கு அனுமதி. ஊரின் காதைக் காப்பதற்காக எழுந்த கட்டுப்பாடு அது. ஆனால் தூரத்துக்கு எறிந்த குழாய் இறங்கி, பக்கத்தில் அதிரும் பாக்ஸ் ஏறியபோது, அதுவரை வராத அடி வந்து சேர்ந்தது. இப்போது சாமி ஊர்வலத்துக்கு முன்னால் டிராக்டரிலும் டெம்போவிலும் பாக்ஸ்களை அடுக்கிய டிஜே செட் போகிறது. பக்கத்து வீட்டுத் தகரக் கூரை கிடுகிடுக்கிறது. முதியவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அது பெரும் தொல்லை. இரவு பத்து மணிக்கு மேல் ஒலிக்கும் எந்த செட்டையும் நியாயப்படுத்த முடியாது. எனினும் அந்த வண்டிக்குப் பின்னால் ஆடும் பிள்ளைகளின் காலுக்கு எட்டியிருப்பது, குழாய்க் காலத்தில் அவர்கள் அப்பா அம்மாவுக்கு எட்டாத பாதி.

வெளிநாட்டுத் தமிழர் வழியாகவும் இந்த இசை சுற்றி வந்தது. லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்த மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2007-இல் வெளியிட்ட ‘கலா’ தொகுப்பில், ‘டிஸ்கோ டான்சர்’ படத்தின் ஜிம்மி பாட்டைத் தன் குரலில் மீண்டும் பாடினார். அதே தொகுப்பின் முதல் பாட்டில் ‘தளபதி’ படத்துக் ‘காட்டுக்குயிலு’ வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறது. அதற்கு முன் 2003-இல் அமெரிக்காவின் பிளாக் ஐட் பீஸ் குழு, ‘ஸ்ரீ ராகவேந்திரர்’ படத்துக்காக இளையராஜா அமைத்த பாட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்தாண்டது. இங்கிலாந்தின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் நிறுவனம் அவருடைய எழுபது, எண்பதுகளின் மின்னிசைப் பாடல்களைத் தனித் தொகுப்பாகவே வெளியிட்டது.

எடுத்தாளும்போது உரிமை யாருக்கு என்ற வழக்கு டிஸ்கோ காலத்திலேயே எழுந்தது. 1979-இல் ‘ஷிக்’ குழுவின் ‘குட் டைம்ஸ்’ பாட்டிலிருந்த பெர்னார்ட் எட்வர்ட்ஸின் பேஸ் வரியை அடியில் வைத்து ‘ராப்பர்ஸ் டிலைட்’ வெளிவந்தது. ராப் இசையின் முதல் பெரிய வெற்றி அது. நைல் ராட்ஜர்ஸும் எட்வர்ட்ஸும் சட்டப்படி முறையிட்ட பின் பாட்டின் ஆசிரியர்களாக அவர்கள் பெயர் சேர்க்கப்பட்டது. 2024-இல் ‘கூலி’ படத்தின் முன்னோட்டத்தில் ‘வா வா பக்கம் வா’ இசை அனுமதியின்றிப் பயன்படுத்தப்பட்டதாக இளையராஜா தரப்பு அறிவிப்பு அனுப்பியது. 2025-இல் ‘குட் பேட் அக்லி’ படத்தில் இடம்பெற்ற பழைய பாடல்களுக்காகவும் அறிவிப்பு போனது. அவற்றுள் ‘இளமை இதோ இதோ’வும் ஒன்று. அது சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. நாற்பது ஆண்டுக்கு முந்தைய ஆட்டப் பாட்டுகள் இன்றைய பெரிய படங்களுக்கும் தேவைப்படுகின்றன என்பதையும், அவற்றை அமைத்தவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும் என்பதையும் இந்த வழக்குகள் சேர்த்தே சொல்கின்றன.

ஒரு கணக்கு மட்டும் பாக்கி நிற்கிறது. பன்னிரண்டு அங்குலத் தட்டு கலவை செய்தவரின் பெயரை அச்சிட்டது. ‘குட் டைம்ஸ்’ வரியை வாசித்தவரின் பெயர், அதை எடுத்தாண்ட பாட்டின் ஆசிரியர்களுள் சேர்ந்தது. தமிழ்க் கேசட்டுகளின் அட்டையில் பெரும்பாலும் படத்தின் பெயரும் இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் பாடகர்களும் மட்டுமே இருந்தார்கள். புருஷோத்தமனும் சசிதரனும் விஜி மேனுவலும் சதானந்தமும் யார் என்று ரசிகர்களுக்குத் தெரியவந்தது பெரிதும் பிற்காலத்தில், மேடைக் கச்சேரிகளாலும் நேர்காணல்களாலும். பழைய பாடல்களை இன்று மறுபதிப்புச் செய்யும் நிறுவனங்கள் வாத்தியக்காரர் பட்டியலைத் தேடிச் சேர்ப்பது நடக்கக்கூடிய காரியம்தான். அந்தக் கூடங்களில் வாசித்தவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள்.